நூற்று முப்பத்தேழாம் கேள்வி

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வக்குமாருக்கு ஊரில் இரண்டு பெயர். ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கு அவர் ஜெராக்ஸ்காரர். அரசு வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு அவர் கேள்வி அண்ணாச்சி. முதல் பெயரால் வீட்டில் உலை கொதிக்கிறது. இரண்டாவது பெயருக்காகத்தான் மனுஷன் காலையில் எழுந்திருப்பதே என்று அவர் மனைவி கோகிலா சொல்லுவாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா என்பது கல்யாணமாகிப் பதினேழு வருஷமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை.

கேள்வி அண்ணாச்சி பாடம் நடத்துகிறவர் இல்லை. நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் வேலை கேள்வி போடுவது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் மாதிரித் தேர்வு நடக்கும். முகூர்த்த நாளாக இருந்தால் மண்டபக்காரர் கையை விரித்துவிடுவார். அன்றைக்கு ஒரு விசைத்தறிக் கூடத்தின் பின்கட்டில் பாய் விரித்து எழுதுவார்கள். இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அசல் தேர்வில் எப்படியோ அப்படியே கறுப்பு மையால் வட்டத்தை நிரப்ப வேண்டும். அறுபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். வெளியே வரும்போது அதில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் திட்டு காதில் விழுந்தால்தான் அவருக்கு மத்தியானச் சோறு இறங்கும்.

குருவிகுளம் பக்கம் மானாவாரியில் பருத்தி போட்ட வீட்டுப் பிள்ளை அவர். இருபத்தோரு வயதில் முதல் பரீட்சை எழுதினார். வயது வரம்பு வந்து கதவைச் சாத்தும்வரை விடாமல் எழுதினார். ஒரு தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போயிற்று என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்தக் காலத்தில் எடுத்த குறிப்புகளையெல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பேடு ஆக்கினார். கடை போட்ட பிறகு அதை ஜெராக்ஸ் எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இன்றைக்குச் சங்கரன்கோவிலில் இருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும், படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் குறிப்பேட்டின் ஒரு நகல் இருக்கும். சிலர் அதை ஜெராக்ஸாக வைத்திருப்பதே மரியாதைக்குறைவு என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூர் ராஜதுரை மூன்று தடவை எழுதியவன்.

விடைக்குறிப்பில் தப்பு இருப்பதாக யாருக்காவது தோன்றினால் செவ்வாய்க்கிழமைக்குள் வெள்ளைத்தாளில் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். அச்சில் வந்த புத்தகத்தின் பக்கத்தை ஆதாரமாக இணைக்க வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகம் என்றால் ரொம்ப உத்தமம். செல்போனில் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் வாசலோடு போக வேண்டியதுதான். எட்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று ஆட்சேபணைகள் வந்திருந்தன. ஒன்றுகூடச் செல்லவில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இந்த வருஷம் விளையாட்டு வினையாகிற மாதிரி ஒரு காரியம் நடந்தது. தறி வைத்து நன்றாக இருக்கிற சௌந்தரபாண்டியன், தன் மகளைக் கலெக்டருக்குப் படிக்க வைக்க ஆசைப்பட்டவர். மகளோ பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டாள். அந்த ஆற்றாமை தீர, ஊர்ப் பிள்ளை ஒன்றை மதுரையில் ஒரு வருஷம் தங்கவைத்துப் படிக்கவைப்பதாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு, விடுதி, பயிற்சி எல்லாம் அவர் பொறுப்பு. ஒரே ஓர் இடம். யாருக்கு என்று அவர் ஆராயப் போவதில்லை. செல்வக்குமாரின் அடுத்த பத்துத் தேர்வு மொத்தத்தில் முதலாவதாக வருகிற பிள்ளைக்கு. மொத்தம் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு. அசல் தேர்விலும் அதுதானே வழக்கம்.

ஒன்பது தேர்வு முடிந்தபோது இரண்டு பேர் மட்டும் முன்னால் நின்றார்கள். ஒருவன் ராஜதுரை, இருபத்து நாலு வயது, விடியற்காலையில் பால் வண்டி ஓட்டுகிறவன். குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் மூன்றாவது வரி என்ன என்று சொல்லுவான். இன்னொருத்தி யோகலட்சுமி, முப்பத்தொரு வயது, வாசுதேவநல்லூர் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை பெட்ரோல் போடுகிறவள். அவளுக்கு ராஜதுரை அளவுக்கு மனப்பாடம் வராது. ஆனால் ஒரு விஷயத்தைப் படித்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய், அது எங்கே முடிகிறது என்று பார்க்காமல் விடமாட்டாள். வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் படிக்க முடிந்தால் இரண்டு பேரும் தேறிவிடுவார்கள். விடமுடியாததுதான் இரண்டு பேருக்கும் பிரச்சினை.

பத்தாவது தேர்வு ஐப்பசி மழைக்கு நடுவே நடந்தது. அதில் நூற்று முப்பத்தேழாவது கேள்வி இது:

கீழ்க்கண்டவற்றுள் இயற்கை வாழிடத்தில் அற்றுப்போன இனம் எது? (அ) டொரோமிரோ என்னும் பூக்கும் தாவரம் (ஆ) பார்த்துலா தோஹிவேனா என்னும் மர நத்தை (இ) இரண்டும் (ஈ) இரண்டும் அல்ல.

இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனது என்றால் அடியோடு செத்துப்போனது என்று அர்த்தமில்லை. அதன் சொந்த மண்ணில் ஒன்றுகூட இல்லை. எங்கோ தோட்டத்திலோ விலங்குக் காட்சிசாலையிலோ மனுஷன் கைப்பக்குவத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு படி மேலே மிக அருகிய இனம். அதாவது, விரல் விட்டு எண்ணுகிற அளவுக்காவது சொந்த மண்ணில் இருக்கிறது. செடியும் நத்தையும் பசிபிக் கடலில் வெவ்வேறு தீவுகளைச் சேர்ந்தவை. அந்தத் தீவுகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது, கேள்வி போட்டவரையும் சேர்த்து. குறிப்பேட்டின் எண்பத்தெட்டாம் பக்கத்தில் 'இரண்டும்' என்று இருந்தது. ராஜதுரை 'இரண்டும்' என்று நிரப்பினான். யோகலட்சுமி செடியை மட்டும் நிரப்பினாள்.

திங்கட்கிழமை காலை கடைக் கதவில் மொத்தப் பட்டியல் ஒட்டப்பட்டது. ராஜதுரை 2514. யோகலட்சுமி 2512.5. ஒரே ஒரு கேள்வி வித்தியாசம்.

மூன்று மணிக்குப் பெட்ரோல் பங்க் சீருடையோடு யோகலட்சுமி வந்து நின்றாள். கையில் வெள்ளைத்தாள். நூற்று முப்பத்தேழாம் கேள்விக்கு விடை 'அ' என்றும், அந்த நத்தை இப்போது மிக அருகிய இனமாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாள். ஆதாரமாக, அழிந்துவரும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் சிவப்புப் பட்டியலின் இணையப் பக்கத்தைச் செல்போனில் திறந்து நீட்டினாள். செல்வக்குமார் போனைத் தொடவே இல்லை. புத்தகம் எங்கே என்று கேட்டார்.

"புத்தகத்துல அந்த நத்தையே இல்ல அண்ணாச்சி. நீங்க எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தீய?"

அவருக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் எத்தனையோ இடத்தில் ஆராய்ந்து எடுத்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு, மேசை டிராயரைத் திறந்து ரப்பர் முத்திரையை எடுத்தார். 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரைதான் அவர் செய்து வைத்திருந்தார். 'ஏற்கப்பட்டது' என்று இன்னொன்று செய்ய இதுவரை தேவை வந்ததில்லை. தாளின் மூலையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டும் இல்லை. அவள் தாளை மடித்துக்கொண்டே தனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொன்னாள். நாலு மாதத்துக்கு முன்னால் எண்பத்தெட்டாம் பக்கத்தைப் படித்தபோது, சொந்த ஊரே இல்லாமல் டப்பாவுக்குள் வாழ்கிற நத்தை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை வந்ததாம். பங்கில் பம்பு பக்கத்தில் போனை எடுத்தால் மேனேஜர் ஆளை விரட்டிவிடுவார். அதனால் டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், டீ குடிக்கக் கிடைக்கிற கால் மணி நேரத்தில், பத்துப் பதினைந்து நாளாகத் தேடித் தேடி வாசித்திருக்கிறாள்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "அண்ணாச்சி, நீங்க அந்த நத்தையப் பாத்துருக்கீயளா? படத்துலயாவது?"

அவர் முத்திரையை டிராயரில் போட்டு மூடினார். படத்தில்கூடப் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பெயரைத் தன் கையெழுத்தில் வைத்திருக்கிறார். எத்தனையோ நூறு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது கறுப்பா வெள்ளையா என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே சௌந்தரபாண்டியன் போன் செய்தார். மதுரையில் அட்மிஷன் முடியப் போகிறது, பெயரைச் சொல்லும்வே என்றார். ராஜதுரை என்ற பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆட்சேபணைக்கு நாளைவரை நேரம் இருக்கிறது, புதன்கிழமை சாயங்காலம் சொல்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு தன் மேலேயே அவருக்கு எரிச்சலாக வந்தது. முத்திரை குத்தியாயிற்று, அப்புறம் என்ன நாளை வரைக்கும்?

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை எடுத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் மிஷின் தூங்கியது. செல்வக்குமார் செல்போனை எடுத்துக்கொண்டு வாசல் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யோகலட்சுமி சொன்னது தப்பு என்று ஒரு வரி கிடைத்தால் போதும், நிம்மதியாக இருக்கலாம் என்பதுதான் அப்போது எண்ணம்.

முதலில் படம் வந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கூர்முனை கொண்ட ஓடு. ஓர் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. பிறகு வாசிக்க ஆரம்பித்தார். தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் பக்கத்திலேயே அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் வந்த காரியம் மறந்துவிட்டது.

இந்த நத்தை முட்டை போடாதாம். ஒவ்வொன்றாகக் குட்டி போடுமாம். அந்தத் தீவுக்கு யாரோ ஆப்பிரிக்காவில் இருந்து பெரிய நத்தையைக் கொண்டுபோய் விட, அது வயலையெல்லாம் தின்று தீர்த்திருக்கிறது. அதைத் தின்னட்டும் என்று இன்னொரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். மலைமாடு மாதிரி இருக்கிற அந்தப் பெரிய நத்தையோடு மல்லுக்கட்ட வேட்டை நத்தைக்கு என்ன தலையெழுத்து? மரத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் பாசியையும் பூஞ்சணத்தையும் சுரண்டித் தின்றுகொண்டிருந்த இந்தச் சின்ன நத்தையைத் தின்றுவிட்டது. கடைசியில் மிஞ்சிய சிலவற்றை எடுத்துக்கொண்டு போய், வெளிநாட்டுக் காட்சிசாலைகளில் டப்பாவில் வைத்து வளர்த்தார்கள். செல்வக்குமாரின் குறிப்பேடு அந்த இடத்தோடு நின்றிருந்தது. நத்தை அங்கே நிற்கவில்லை. டப்பாவில் பெருகிய நத்தைகளின் ஓட்டில் அடையாளத்துக்கு ஒரு புள்ளி பெயிண்ட் வைத்து, மறுபடியும் தீவுக்குக் கொண்டுபோய் மரத்தில் விட்டிருக்கிறார்கள். சில வருஷம் கழித்துத் தேடிப் போனவர்களுக்குப் புள்ளியே இல்லாத வளர்ந்த நத்தைகள் கண்ணில் பட்டிருக்கின்றன. புள்ளி இல்லையென்றால் அது அங்கேயே பிறந்தது. இரண்டாயிரத்து இருபத்து நாலில் பட்டியலில் அதை ஒரு படி மேலே ஏற்றினார்கள்.

"ஏ கோகிலா, இங்கன வா" என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னபோது அவர் குரல் ஏறியிருந்தது. தன் கேள்வி தப்பு என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே பாதிக் கதையில்தான் வந்தது. வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

செடியின் கதையையும் தேடினார். ஒருவேளை அதுவும் படி ஏறியிருந்தால் 'இரண்டும் அல்ல' என்றாகும். இரண்டு பேர் விடையும் தப்பாகும். யோகலட்சுமி சொன்னதும் சரியில்லை என்று சொல்லிவிடலாம். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் தேடினார். ஆனால் அதிலும் கண் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் பூப் பூக்கும் சிறிய மரம். தீவில் ஆடுமாடு மேய்ந்தும், விறகுக்கு வெட்டியும் அழிந்து, எரிமலைப் பள்ளத்துக்குள் கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்து, அதுவும் போய்விட்டது. அதற்கு முன்னால் எடுத்த விதைகள் எங்கெங்கோ தோட்டங்களில் முளைத்தன. திரும்பக் கொண்டுபோய் நட்டும் தீவில் அது வேர் பிடித்துப் பெருகியதாக எங்கேயும் எழுதவில்லை. பட்டியலில் அது பழைய படியிலேயே இருந்தது. நகர்ந்துபோகத் தெரிந்த நத்தையைவிட நின்ற இடத்தில் நிற்கிற மரத்தை ஊர்சேர்ப்பது கஷ்டமோ என்று யோசித்தார். நத்தையும் அப்படியொன்றும் ஓடிவிடுகிற பிராணி இல்லையே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

ஆக, விடை 'அ'. யோகலட்சுமி சொன்னதுதான் சரி.

அப்படியானால் தான் எங்கே இருந்து எடுத்தோம் என்று பார்க்கப் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார். பழைய நோட்டு ஒன்றில், எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு மூலம் கிடைத்தது. ஒட்டி வைத்திருந்த ஒரு செய்தித்தாள் துண்டு. தேதி இல்லை, பத்திரிகைப் பெயர் இல்லை. நடுவில் வட்டமாக எண்ணெய் இறங்கி அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. எந்த வருஷமோ எந்தக் கடையிலோ வடை மடித்துக் கொடுத்த தாள். நாற்பத்து மூன்று பேரிடம் புத்தகம் எங்கே, பக்கம் எங்கே என்று கேட்ட மனுஷன், தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மழை ஓய்ந்து வெறித்திருந்தது. கடைக்குப் பின்னால் முருங்கை மரம் நிற்கிறது. எதற்கென்று தெரியாமலே அங்கே போய் நின்றார். தரையோரம் ஊறுகிற பெரிய நத்தைகளை அவர் வருஷாவருஷம் உப்புப் போட்டுக் கொன்றிருக்கிறார். மரத்தில் நத்தை இருக்குமா என்று பார்த்ததே இல்லை. கண்ணுக்கு நேராக, ஈரப் பட்டையில், பழுப்புக் கோடு போட்ட ஒரு சின்ன நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சுப் படாமல் குனிந்து பார்த்தார். கொம்பு நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. போனில் படம் எடுத்து அதன் பெயரையும், பட்டியலில் அது எந்தப் படியில் இருக்கிறது என்பதையும் தேடினார். அவருக்கு அகப்படவில்லை. முக்கால் மணி நேரம் போனது அவருக்குத் தெரியாது.

கோகிலா பின்வாசலில் வந்து நின்றாள். கதை முழுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதோ போய்விட்டது என்று நினைத்த ஒரு ஜீவன் பிழைத்து வந்திருக்கிறது, அதற்குச் சந்தோஷப்படாமல் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

பிரச்சினை நத்தை இல்லை, ராஜதுரை என்றார் அவர். யோகலட்சுமிக்கு மதிப்பெண் போட்டால் அவனுக்கு ஒன்றரை போகும், அவளுக்கு ஒன்றரை வரும், இடம் அவளுக்கு. கேள்வியையே நீக்கினால் இரண்டு பேரும் சமம், மூத்தவள் அவள். எல்லாருக்கும் கருணை மதிப்பெண் போட்டாலும் சமம்தான், அப்போதும் அவள்தான். எந்தப் பக்கம் சுற்றினாலும் ராஜதுரைக்கு இடம் இல்லை. அவன் செய்த குற்றம் என்ன? இவர் எழுதினதை நம்பினான். மூன்று தடவை கையால் எழுதினான். நம்பாமல் தேடிப்போனவளுக்குப் பரிசு, நம்பினவனுக்குத் தண்டனையா?

"இல்லன்னா என்ன செய்வீய? முத்திரை குத்தியாச்சுன்னு விட்டுருவீயளா?"

கோகிலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒன்றரை மார்க்குல போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதீய. அது பத்தொம்பது கேள்வின்னு எனக்குத் தெரியும். நான் யாருட்டயும் சொல்லல. ஆனா யோகலட்சுமிப் பிள்ளைக்கு நெசமாவே ஒன்றரை."

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த பரீட்சை அது. மதிப்பெண் அட்டையை அவள் பார்த்திருப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கோபம் வரவில்லை. இவ்வளவு வருஷம் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தாளே என்றுதான் தோன்றியது. முருங்கைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு இரண்டு பேரையும் கடைக்கு வரச்சொன்னார். யோகலட்சுமி வேலை முடிந்து நேராக வந்தாள். ராஜதுரை தலை சீவி, துவைத்த சட்டை போட்டு, குறிப்பேட்டுப் பையோடு வந்தான். நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று அவன் நினைத்திருப்பது பார்த்தாலே தெரிந்தது.

யோகலட்சுமியின் தாளைக் கேட்டு வாங்கினார். முத்திரையை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், ஆட்சேபணை சரி, விடை 'அ' என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவில் இருந்த பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். பிறகு அவர்கள் முன்னாலேயே சௌந்தரபாண்டியனுக்குப் போன் செய்து யோகலட்சுமியின் பெயரைச் சொன்னார்.

யோகலட்சுமி சீருடைத் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. மதுரைக்கு என்றைக்குப் போக வேண்டும் என்றுகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கோகிலாதான் கேட்டுச் சொன்னாள். ராஜதுரை பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.

ராஜதுரை அசையாமல் நின்றான். "எம்பத்தெட்டாம் பக்கம்" என்றான். "நீங்க எழுதுனதத்தான் எழுதுனேன்."

"ஆமா மக்கா. நீ எழுதுனது நான் எழுதுனதுதான். நான் எழுதுனது தப்பு."

"எங்க இருந்து எடுத்தீய?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. செல்வக்குமார் உள்ளே போய் எண்ணெய்த் தாள் ஒட்டிய நோட்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அவன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். காது மடல் சிவந்தது. கத்துவான் என்று கோகிலா பயந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பையைத் திறந்து தன் கையால் எழுதிய மூன்று நோட்டையும் எடுத்து ஜெராக்ஸ் மிஷின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"இதுல இன்னும் எத்தன இருக்கு?" அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

செல்வக்குமார் அந்த அடுக்கைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மலைகள், சட்டப்பிரிவுகள், அணைகள், விருதுகள், அரிய பறவைகள். எது புத்தகத்தில் இருந்து வந்தது, எது வடைத்தாளில் இருந்து வந்தது, எது அதற்கப்புறம் மாறிப்போயிற்று?

"தெரியல" என்றார்.

ராஜதுரை வாசலைப் பார்த்தான். கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. போய்விடுவான், இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று செல்வக்குமார் நினைத்தார். போனால் அவரால் தடுக்கவும் முடியாது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செல்போனை எடுத்தான். முகம் இறுகித்தான் இருந்தது.

"மொதப் பக்கத்துல இருந்து வாசிங்க. நான் தேடுதேன்."

அவர் மேல் நோட்டை எடுத்துத் திறந்தார். தன் சொந்த வரிகளை இன்னொருவன் கையெழுத்தில் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினார். அவன் தேடிப் பார்த்துத் தலையசைத்த பிறகு அடுத்த வரிக்குப் போனார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக் கோகிலா பார்த்துக்கொண்டாள். ஆறரை மணிக்குள் நாலு பக்கம் முடிந்தது. இரண்டு தப்பு இருந்தது.